உறைந்த குளத்தில் நீர்மாலை

"மதினி, கோடாலி எங்க கெடக்கு?"

உமாபதி அடுக்களை வாசலில் வந்து நின்றான். இடுப்பில் ஒற்றை வேட்டி, தோளில் துண்டு, காலில் அண்ணனுடைய ரப்பர் பூட்ஸ், கையில் பித்தளைக் குடம். குளிரில் பல் தந்தியடித்தது.

சந்திரா கிண்ணத்தில் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கோடாலி எதுக்கு?"

"கொளம் பூரா ஐஸு. செம்பால தட்டிப் பாத்தேன், செம்புதான் நசுங்கிச்சு. ஒடைச்சாத்தான் தண்ணி மோக்க முடியும்."

"அப்ப குழாயில பிடி."

"என்ன மதினி நீங்க! குழாய்த் தண்ணியில நீர்மாலையா? அண்ணன் கட்டுன கொளம் பின்னால கெடக்கு. ஊர்ல கேட்டா காறித் துப்ப மாட்டாங்களா?"

ஊராம் ஊர்! திருநெல்வேலி எங்கே, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய குன்றின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் இந்த வீடு எங்கே. ஆனால் அவன் சொல்வதும் நியாயம்தான். செத்தவரைக் குளிப்பாட்டப் பங்காளிகள் ஆற்றிலோ குளத்திலோ முங்கியெழுந்து, ஈரவேட்டியோடு குடத்தில் நீர் மொண்டு, தலைக்கு மேல் துணி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் நீர்மாலை. பிள்ளையில்லாமல் நேற்றுப் போய்விட்ட அவள் புருஷன் சிதம்பரத்துக்குச் சித்தப்பா மகன் உமாபதிதான் பங்காளி, கொள்ளி வைக்கிறவன், எல்லாம். ஹனோவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவன், தந்தி கிடைத்ததும் ராத்திரி ரயிலைப் பிடித்து வந்திருக்கிறான். அவனிடம் வாக்குவாதம் செய்ய இப்போது அவளுக்குத் தெம்பு இல்லை.

கோடாலி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் மனசில்லை. அது பக்கத்து வீட்டுக்காரி ஃபிராவ் ஹென்னிங்கிடம் இருந்தது.

நேற்றுக் காலையில் குளத்தங்கரையில் சிதம்பரம் சாய்ந்தபோது அவர் கையிலிருந்து விழுந்த கோடாலி அது. சந்திரா காப்பிக் கரண்டியோடு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பனியில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் அந்த ஹென்னிங். அவர் உதடு அசைந்ததை சந்திரா தூரத்திலிருந்தே பார்த்தாள். என்னவோ சொன்னார். அவளிடம் சொன்னார். கட்டின பெண்டாட்டி பத்தடி தள்ளி ஓடி வந்துகொண்டிருக்க, கடைசி வார்த்தையை அந்த வாத்து வாங்கிக்கொண்டது.

வாத்து என்பது சந்திரா மனசுக்குள் வைத்த பெயர். ஹென்னிங் பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது, தோள் ஆம்பிளை மாதிரி, தலையில் எப்போதும் ஒரு ரப்பர்த் தொப்பி. இந்தக் கிழவியைப் பார்த்தா வயிறெரிந்தாய் என்று கேட்டால் சந்திராவுக்கே சிரிப்பு வரும். ஆனாலும் எரிந்தது. நேற்றிலிருந்து அடிவயிறு திகுதிகுவென்று எரிகிறது. புருஷன் போன துக்கத்தைக்கூட அழுது தீர்க்க விடாமல் எரிகிறது. என்ன சொன்னார்? அதை மட்டும் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்கு இனி ஒரு வாய் சோறு இறங்காது. ஆனால் வாத்திடம் போய்க் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

போன வருஷத்துக்கு முந்தின கோடையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சிதம்பரம் சாப்பாட்டு மேசைமேல் கட்டம் போட்ட தாளை விரித்து வைத்துக்கொண்டு, கூச்சத்தோடு சொன்னார்.

"பின்பக்கத்துல ஒரு ஸ்விம்மிங் பூல் கட்டலாம்னு பாக்கேன்."

"இந்த ஊருக்கா? வெயில் அடிக்கதே ரெண்டு மாசம். மிச்ச பத்து மாசமும் அதுல ஊறுகாயா போடப் போறீய?"

அவரும் சிரித்தார். தாளைச் சுருட்டினார். அதற்கப்புறம் அந்தத் தாள் இந்த வீட்டு மேசையில் விரியவே இல்லை. வேலி தாண்டிப் போய்விட்டது.

அங்கே போனதும் மனுஷனுக்கு எங்கிருந்துதான் அத்தனை பேச்சு வந்ததோ! வீட்டில் 'உப்பு', 'தபால் வந்ததா', 'சரி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர், வேலிக்கு அந்தப் பக்கம் மணிக்கணக்கில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். உறைபனி எத்தனை ஆழம் மண்ணுக்குள் இறங்கும், சுவரை எவ்வளவு சாய்த்துக் கட்டினால் ஐஸ் விரியும்போது பிளக்காமல் மேலே வழுக்கும், குளிர்காலத்தில் குளத்தைக் காலியாக விட்டால் அடியில் ஊறும் நீர் மொத்தத் தொட்டியையும் எப்படித் தூக்கிவிடும். சந்திராவுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டே அவளுக்கு அந்தக் குளம் மனப்பாடம் ஆகியிருந்தது. உள்ளே பூச நீலம் தேர்ந்தெடுத்ததும் ஹென்னிங்தான். கேட்டிருந்தால் பச்சை என்று சொல்லியிருப்பாள். யார் கேட்டார்கள்?

வீட்டுக் கொதிகலனிலிருந்து குழாய் இழுத்து வெந்நீர் விடுவதாக முதலில் திட்டம். இந்த இலையுதிர்காலத்தில் அரபு நாட்டுக்காரர்கள் எண்ணெயை நிறுத்தியதும் அதுவும் போயிற்று. ஒழிந்தது, இனிமேலாவது மனுஷன் வீட்டுக்குள் அடங்குவார் என்று சந்திரா சந்தோஷப்பட்டாள். அவர் அடங்கவில்லை. உறையப்போகிற தண்ணீரில் மரக்கட்டைகளைச் சங்கிலியாகக் கட்டி மிதக்கவிட்டார். ஐஸ் நெருக்கினால் சுவரை விட்டுவிட்டுக் கட்டையை நெருக்கட்டும் என்று. ஏணியோரம் ஒரு இடத்தில் மட்டும் வைக்கோல் போட்டு மூடி, தினமும் விடியுமுன் கோடாலியால் திறந்தார். எதற்கு? வாத்து முங்குவதற்கு! ஐஸ் தண்ணீரில் முங்கினால் நூறு வயசு இருக்கலாமாம். முங்கினவள் கல்லுக்குண்டாக இருக்கிறாள், திறந்துவிட்டவர் போய்ச் சேர்ந்தார்.

தினமும் சந்திரா விளக்குப் போடாமல் ஜன்னலோரம் நின்று இருவரையும் பார்ப்பாள். அவர்கள் சிரிப்பது தாங்காமல் போகிற கட்டத்தில், அப்போதுதான் எழுந்தவள் போல அடுக்களை விளக்கைப் போட்டுக் காப்பிக்கு அடுப்பை மூட்டுவாள். கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளே வருவார். காப்பியைக் குடிப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். இருந்த பேச்சையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு வந்தவரிடம் எனக்கென்ன மிச்சம் இருக்கும் என்று அவள் கரித்துக்கொட்டுவாள்.

"மதினி, அந்தம்மா வாறாங்க," என்றான் உமாபதி.

வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஹென்னிங் வந்துகொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு. ரப்பர்த் தொப்பி இல்லாத தலை வெள்ளை வெளேரென்று இருந்தது. கையில் கோடாலி. யாரும் கூப்பிடவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேரே ஏணியோரம் போய் வைக்கோலை விலக்கினாள். எந்த இடத்தில் ஐஸ் மெலிசு என்று அவளுக்குத்தானே தெரியும்.

சந்திராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு, சேலைமேல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். குளம் கட்டி முடித்ததிலிருந்து அவள் தானாக அங்கே கால் வைத்தது இன்றைக்குத்தான். நேற்று ஓடியது கணக்கில் சேராது.

"குடுங்க," என்று ஜெர்மனில் சொல்லிக் கையை நீட்டினாள்.

ஹென்னிங் அவளைப் பார்த்தாள். கண் சிவந்து வீங்கியிருந்தது. கோடாலியை மறுபேச்சில்லாமல் கொடுத்தாள்.

சந்திரா ஓங்கி அடித்தாள். கோடாலி வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னொரு அடி. ஒரு கீறல்கூட விழவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

"ஓங்கி அடிக்கக் கூடாது. ஒரே இடத்தில் சின்னச் சின்னதாக," என்றாள் ஹென்னிங் மெல்ல. "அவர் அப்படித்தான் செய்வார்."

அவர் எப்படிச் செய்வார் என்று எனக்கு நீ சொல்லித் தருகிறாயா? மனசுக்குள் கறுவிக்கொண்டே சொன்னபடியே கொத்தினாள். நாலைந்து கொத்தில் ஐஸ் பொக்கென்று உள்ளே போய், கறுப்பாகத் தண்ணீர் மேலேறியது.

உமாபதி பூட்ஸைக் கழற்றி ஏணியில் இறங்கி, "சிவ சிவா" என்று அலறிக்கொண்டே ஒரு முங்கு போட்டு எழுந்தான். மனுஷனுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. சிதம்பரத்தோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நடேசனும் அவர் சம்சாரம் அம்பிகாவும் அவன் தலைக்கு மேல் வேட்டியை நாலு முனையும் பிடித்தார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எண்ணெய்த் தட்டுப்பாட்டால் ஞாயிறுகளில் கார் ஓட்ட அரசாங்கம் தடை போட்டிருந்தது. இருவரும் குன்று முழுக்க நடந்தே ஏறி வந்திருந்தார்கள். குடத்தோடு ஊர்வலம் வீட்டுக்குள் போயிற்று. ஹென்னிங் குளத்தங்கரையிலேயே நின்றுகொண்டாள். வா என்று சந்திரா சொல்லவில்லை.

சீயக்காய் தேய்த்து, அவர் குளத்துத் தண்ணீரிலேயே அவரைக் குளிப்பாட்டினார்கள். குளிர்ந்திருந்த உடம்புக்கு அந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. நெஞ்சில் ஊற்றியபோது சந்திராவின் கைதான் மரத்துப்போயிற்று.

மத்தியானம் சவவண்டி வந்தது. அதற்கு மட்டும் அனுமதி உண்டு. கார் இல்லாத தெருவில் ஜனங்கள் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டும், குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டும் திருவிழாப் போல நடமாடினார்கள். கறுப்பு வண்டியைக் கண்டதும் ஓரம் ஒதுங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். உமாபதியும் நடேசனும் வண்டியில் ஏறினார்கள். பெண்கள் வருவது வழக்கமில்லை என்று உமாபதி சொல்லியிருந்தான். அம்பிகா வீட்டைக் கழுவிவிட உள்ளே போனாள். வாசலில் சந்திரா மட்டும் நின்றாள். கொஞ்சம் தள்ளி, தன் வீட்டு வாசலில், ஹென்னிங்.

வண்டி வளைவில் திரும்பி மறைந்தது. இனிக் கேட்காமல் எப்போது கேட்பது? கௌரவமாவது ஒன்றாவது! சந்திரா விறுவிறுவென்று நடந்துபோய் அவள் முன்னால் நின்றாள்.

"நேத்து அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

ஹென்னிங் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

"எப்போதும் சொல்வதுதான்," என்றாள்.

"எப்போதும் என்ன சொல்வார்?"

"காப்பி ஆறிவிடும்."

சந்திராவுக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"உங்கள் அடுக்களையில் விளக்கு எரிந்ததும் அதைத்தான் சொல்வார். 'காப்பி ஆறிவிடும், நான் போகிறேன்.' நான் பாதிக் கதையில் இருப்பேன். என் கணவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன், என் மகன் கடிதம் போடாததைச் சொல்லிக்கொண்டிருப்பேன். விளக்கு எரிந்தால் போதும், கோடாலியைப் போட்டுவிட்டு ஓடுவார். ஒரு நாளும் என்னை ஒரு கதையை முடிக்க விட்டதில்லை." ஹென்னிங்கின் குரல் சட்டென்று கடுத்தது. "அந்த விளக்கை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஃபிராவ் சந்திரா. இப்போது சொன்னால் தப்பில்லையே. நேற்றும் விளக்கு எரிந்தது. என் மடியில் கிடந்துகொண்டு அதைத்தான் பார்த்தார்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சந்திரா தெருவிலேயே நின்றாள். அந்தக் காப்பி நேற்றுச் சாயங்காலம் வரை மேசைமேலேயே இருந்தது. ஆடை படிந்துபோய், யாரோ எடுத்துக் கொட்டினார்கள். உள்ளே வந்து, கழுவிவிட்ட ஈரத் தரையில் உட்கார்ந்து, அவள் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பாவி மனுஷா, அதை என்கிட்ட ஒரு நாள் சொன்னா என்ன? அம்பிகா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

மறுநாளும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. பழக்கம் யாரை விட்டது. உமாபதி முன்னறையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அசந்து தூங்கினான். சந்திரா ஜன்னலோரம் போய் இருட்டில் நிற்கப் போனவள், பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை என்பது உறைத்து, விளக்கைப் போட்டாள். அடுப்பை மூட்டிக் காப்பி கலந்தாள்.

அப்போதுதான் குளத்தின் நினைவு வந்தது. ராத்திரி நல்ல உறைபனி. துவாரம் மூடியிருக்கும். வாத்து இந்நேரம் எழுந்து, தன் வீட்டுக் கோடாலியை எடுத்துக்கொண்டு, இவர் வேலையைச் செய்யக் கிளம்பிவிடுவாள். செய்துவிடுவாளா? செய்யட்டுமே பார்ப்போம்! சந்திரா அவசர அவசரமாக அவருடைய பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள். கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

கோடாலி ஏணியோரம் கிடந்தது. வைக்கோலை விலக்கினாள். ஒரே இடத்தில் சின்னச் சின்னதாகக் கொத்தினாள். இன்றைக்கு முதல் கொத்திலிருந்தே ஐஸ் சொன்னபடி கேட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் பனி மிதிபடும் சத்தம். ஹென்னிங், குளியல் அங்கியோடு, ரப்பர்த் தொப்பியோடு. கையில் கோடாலி. சந்திராவைக் கண்டதும் அப்படியே நின்றாள். வேலிக் கதவைத் தொட்டாள், திறக்கவில்லை.

"நான் இறங்கலாமா?"

சந்திரா உடைந்த ஐஸ் துண்டுகளைக் கோடாலியால் ஓரம் தள்ளினாள். தண்ணீர் தெரிந்தது.

"நாளைக்கு," என்றாள்.

ஹென்னிங் தலையை அசைத்தாள். ஆனால் போகவில்லை.

சந்திரா வைக்கோலை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தபோது வீடு எதிரே இருந்தது. இந்த இடத்திலிருந்து அதை அவள் பார்த்ததே இல்லை. இருட்டில் அடுக்களை ஜன்னல் மட்டும் மஞ்சளாக எரிந்தது. அடுப்பு, ஆணியில் தொங்கும் அவள் பழைய துண்டு, மேசை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. மேசைமேல் அவள் கலந்து வைத்துவிட்டு வந்த இரண்டு தம்ளர் காப்பியிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது.