துடுப்பைக் கடிக்கிறவரைப் பற்றி எழுதுதல்

1

நாற்பத்தாறு நாட்கள் சூசைப்பிள்ளை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்தக் கதைக்கு நான் எழுதிய நான்காவது முதல் வாக்கியம் இது. இதை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எண்ணிக்கை சரி. அந்த நாட்களில் அளவுகளை எழுதிய கொப்பிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன; எடுத்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

கதை எங்கேயிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1974 சித்திரையிலிருந்து 1975 பங்குனி வரை, மாதத்தில் நான்கு நாள், நெடுந்தீவின் கிழக்குக் கரையில் மீன் அளப்பது எனக்கு வேலை. விலங்கியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் நாரந்தனையில் வீட்டோடு இருந்தேன். கரையோர மீன் எந்தப் பருவத்தில் எவ்வளவு வளர்கிறது என்று அறிய ஓர் ஆய்வு வந்தது. ஓர் அளவுகோல், ஒரு தராசு, ஆறு கொப்பிகள் தந்தார்கள்.

கதையில் வரும் இராசேஸ்வரி நான்தான். மறைக்கவில்லை. ‘நான்’ என்று எழுதத் தொடங்கினால் கை கூசுகிறது. ‘அவள்’ என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம்.

கைவிட்ட மூன்று தொடக்கங்கள்:

கடல் அன்று கண்ணாடி போல— [கண்ணாடி போல இருக்கவில்லை.]

தீவுப் பகுதிக் கடலில் கத்தலை என்றொரு மீன் உண்டு. அது— [பாடப்புத்தகம்.]

சூசைப்பிள்ளை பெருமைக்காரன். [இதைப் பற்றிப் பிறகு.]

2

பாடப்புத்தகம் என்றாலும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

கத்தலை சத்தம் போடும் மீன். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைக்கும். மாசி, பங்குனியில் காற்று விழுந்த பிறகு, பொழுதுபடுகிற நேரத்தில், ஆண் மீன்கள் கரைக்கு வெளியே உள்ள ஒரு சேற்றுப் பள்ளத்தில் கூட்டமாகக் கிடந்து இப்படிச் செய்யும். வள்ளத்தில் சும்மா இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. துடுப்பின் இலையைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்தால் கேட்கும். மூடிய பானைக்குள் ஒருவர் விரலால் தட்டுவது போல இருக்கும்.

இரண்டு வள்ளங்கள் போகும். முன்வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்நுனியில், கேட்பவர் இருப்பார். அந்த வள்ளத்தில் ஒருவரும் பேசக்கூடாது. மீன் கிடக்கும் இடத்தைக் கேட்பவர் கையை உயர்த்திக் காட்ட, இரண்டு வள்ளமும் வலையை இறக்கிக்கொண்டு பிரியும். பின்வள்ளம் தன் பாதியை இறக்கி முடிந்ததும் அங்கிருந்து ஒரு விசில் வரும். அப்போது கேட்பவர் உயர்த்திய கையை இறக்குவார். முன்வள்ளம் திரும்பும். வலை மூடும்; பிந்தினால் மீன் திறந்த பக்கத்தால் போய்விடும். கை இறங்காமல் ஒருவரும் திரும்பமாட்டார்கள். மீன் இன்னும் அடங்கவில்லை, அவர் காத்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

கேட்பவரின் கை பிழைத்து வலை வெறுமையாக வந்தால் ஒரு தரம் பொறுப்பார்கள். அதே பருவத்தில் இரண்டாம் தரமும் பிழைத்தால் அணியம் அடுத்தவருக்குப் போகும். சண்டை இல்லை. அது அந்தத் துறையின் வழக்கம்.

சூசைப்பிள்ளைக்கு வயது முப்பத்தெட்டு. பதினொரு வருஷம் அணியத்தில் இருந்தவர். மற்றவர்கள் துடுப்பில் காதை வைப்பார்கள். அவர் அதைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய பழக்கம் அது.

[இங்கே பல்லையும் மண்டையோட்டையும் பற்றி ஆறு வரி எழுதி அழித்தேன். பிழையான வரிகள் அல்ல. ஆனால் நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அந்த வரிகளை விட்டால் அது இங்கேயே வெளியே வந்துவிடும். நீங்கள் இப்போதே கண்டுபிடித்தாலும் எனக்குக் குறையில்லை. அது யாருடைய வாயால் வரவேண்டும் என்பதுதான் என் சிக்கல்.]

3

சித்திரையில் தூண்டிலில் கொடுவா பட்டது. பெரியது எண்பத்திரண்டு சென்ரிமீற்றர். வைகாசியில் தென்மேற்குச் சோளகக் காற்று எழும்பியது. வலை வெளியே போகவில்லை. கரையோரக் கல்லுகளுக்குள் அகப்பட்ட ஓரா மீன்களை அவள் ஆவணி வரை அளந்துகொண்டிருந்தாள். ஐப்பசி மழையோடு திரளி வந்தது. சினை பிடித்த திரளி. மார்கழியில் வாடைக்காற்றுக்குக் குறிகட்டுவான் துறையிலிருந்து தீவுக்கு லோஞ்ச் படகு ஓடவில்லை. அந்த நான்கு நாளையும் தைக்குத் தள்ளிவைத்தாள்.

ஒவ்வொரு நாளும் அவள் சூசைப்பிள்ளையிடம் கேட்பாள்: “இது எவடத்தில பட்டது?”

அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். பதில் அவருடைய மனைவி மாக்கிறேற்றிடமிருந்து வரும். “அது பள்ளத்து மீன், மிஸ். எழுதும்.”

தையில் தண்ணீரின் வெப்பத்தையும் அளக்கச் சொல்லிக் கடிதமும் ஒரு வெப்பமானியும் வந்தன. மீன் பிடிக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். அதற்கு அவள் வள்ளத்தில் ஏற வேண்டும்.

“பொம்பிளை ஏறுறதோ?” என்றான் அம்புறோஸ். அவன் மாக்கிறேற்றின் தம்பி; பின்வள்ளம் அவன் பொறுப்பு. “வெப்பத்தை நான் கையை விட்டுப் பாத்துச் சொல்லுறன். இளஞ்சூடு எண்டு எழுதட்டும்.”

சூசைப்பிள்ளை வள்ளத்துக்குள் குனிந்தார். நடுப்பலகையில் கிடந்த கயிற்றை எடுத்து ஓரமாக வைத்தார். அவள் அங்கே இருந்துகொண்டாள். அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. அவள் கொப்பியைத் திறந்து, அவமா— [அவமானம் என்று எழுத வந்தேன். அவ்வளவு பெரிய சொல் வேண்டாம். கொப்பியைத் திறந்து திகதியை எழுதினாள்.]

4

போன கிழமை மாக்கிறேற் அக்கா நாரந்தனைக்கு வந்திருந்தா. நான் இப்போது இங்கே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே எழுதியவரைக்கும் வாசிக்கச் சொன்னா.

“சூசைப்பிள்ளை பெருமைக்காரன்” என்று வாசித்தேன்.

“ஆர் சொன்னது?”

“நான் அப்ப அப்பிடித்தான் நினைச்சனான், அக்கா.”

“பெருமையோ? மனிசன் சாரத்தை உள்வெளி மாறிக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போறது. பெருமைக்காரன் எண்டால் குனிஞ்செண்டாலும் பாப்பானெல்லே.”

“நாப்பத்தாறு நாள் என்னோட கதைக்கேல்லையே.”

“நீர் அவரோட கதைச்சனீரோ?”

“ஒவ்வொரு நாளும் கேட்டனான்.”

“நீர் கேட்டது உம்மடை கொப்பியை. தலை நிமித்தினனீரோ ஒரு நாளாவது? பக்கத்தில நிண்ட எனக்கே அரைவாசிதான் விளங்கும். மனிசன் வீட்டை வந்து என்னட்டை என்ன சொன்னது தெரியுமோ?”

“என்ன?”

“‘அந்தப் பிள்ளை ஊமையோ, மாக்கிறேற்? பாவம், படிச்ச பிள்ளை’ எண்டவர்.”

நான் சிரித்தேன். அவவும் சிரித்தா.

“வயசு எவ்வளவு போட்டனீர்?”

“முப்பத்தெட்டு.”

“நாப்பது. குறைச்சுப் போட்டால் இனித்தான் பெருமை வரும்.”

[திருத்தவில்லை. அவவின் திருத்தம் தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன்.]

“அக்கா, அந்தக் கடைசி நாளை எழுதட்டோ?”

அவ கோப்பையை வைத்தா. “கரையில எல்லாருக்கும் முன்னால அவர் சொன்னதுதானே. எழுதும். ஆனால் நான் சொன்ன மாதிரி எழுதிப்போடாதையும். நான் வாயே திறக்கேல்லை. அதையும் எழுதும்.”

5

பங்குனியின் நான்கு நாட்கள்தான் மிச்சம். அடுத்த வருஷமும் வேலை தொடர வேண்டுமென்றால் துறைக்காரர் எழுதித்தர வேண்டும்.

நாற்பத்தைந்தாம் நாள் மேகம் மூடியிருந்தது. சூசைப்பிள்ளை கையை உயர்த்தினார். வலை இறங்கியது. பின்வள்ளம் மங்கலாகத்தான் தெரிந்தது. விசில் வந்தது. கை இறங்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். வலை மூடியபோது உள்ளே நான்கு நண்டும் பாசியும் இருந்தன.

“பரவாயில்லை, அத்தான்” என்றான் அம்புறோஸ். ஒரு தரம்.

நாற்பத்தாறாம் நாள் வானம் வெளித்திருந்தது. இருநூற்றுப் பதினெட்டு கத்தலை. அவளுக்கு அளந்து கை வலித்தது.

நாற்பத்தேழாம் நாள் காலை, கரையில், தராசின் இரும்புப் படிக்கல் அவள் கையிலிருந்து நழுவித் தகரத் தட்டின் மேல் விழுந்தது. படுத்திருந்த நாய் எழும்பி ஓடியது. அம்புறோஸ் திடுக்கிட்டுத் திட்டினான். இரண்டு முழத் தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சூசைப்பிள்ளையின் தோள் அசையவில்லை. ஊசி நிற்கவில்லை.

மாக்கிறேற் அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் திரும்பினார். தட்டைப் பார்த்தார், படிக்கல்லைப் பார்த்தார்.

“கால்ல விழேல்லையோ, பிள்ளை?”

அதுதான் முதல் வார்த்தை. அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவருக்கு மேலால் மாக்கிறேற் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை என்று சொல்லமாட்டேன். ஒரு பொருளை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, கவனமாகப் பிடிக்கிறாரா என்று பார்ப்பது போன்ற பார்வை.

இராசேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. அன்றைய கொப்பியில் மீன்களின் நீளம் மட்டும் இருக்கிறது.

6

நாற்பத்தெட்டாம் நாளை எட்டுத் தரம் எழுதிவிட்டேன். எட்டிலும் அவள் கையை நீட்டுகிறாள். எட்டும் பொய்.

நடந்தது இது. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. சூசைப்பிள்ளை துடுப்பைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. கீழே மீன் நிறையக் கிடந்திருக்க வேண்டும். கை உயர்ந்தது. வலை இறங்கியது. கண் திறக்கவில்லை.

விசில் வந்தது.

அவர் தோள் அவளுக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தது. தொட்டிருந்தால் போதும். நேற்றுக் காலையிலிருந்து அவளுக்குத் தெரியும். அந்த வள்ளத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் முன்வள்ளத்தில் பேசக்கூடாது. ஒரு பெண் இன்னொருத்தியின் கணவனை, நான்கு ஆண்களுக்கு முன்னால், தொ— [இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மை. உண்மையான காரணங்களும் சில நேரம் உதவுவதில்லை.]

அவள் கை கொப்பியிலிருந்து எழும்பியது. பாதித் தூரம் போனது. திரும்பி வந்து வெப்பமானியைப் பிடித்துக்கொண்டது.

வலை மூடியபோது மூன்று மீன்கள் இருந்தன. அவற்றையும் அளந்தாள்.

7

முடிவுக்கு வந்துவிட்டேன். வேறு முடிவுகள் இருந்தால் நல்லது என்று தேடிப் பார்த்தேன்.

(அ) அவள் கரையில் இறங்கியதும் எல்லோரிடமும் உண்மையைச் சொல்கிறாள். [அவளுக்குக் குரல் இல்லை. உரிமையும் இல்லை.]

(ஆ) ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மீன் தப்பிய பழி அவளோடு லோஞ்சில் ஏறிப் போகிறது. அவர் அணியத்தில் இருக்கிறார். [இது நடக்கப் பார்த்தது. அவளும் சம்மதித்திருப்பாள்.]

(இ) மாக்கிறேற் அழுகிறாள். [அழவில்லை. வாயே திறக்கவில்லை.]

அழித்த ஆறு வரிகளில் ஒன்றை மட்டும் திரும்ப வைக்கிறேன். பல்லில் பட்ட அதிர்வு எலும்பு வழியாகவே உள்ளே போகும். அந்தக் கரையில் மீனைச் சூசைப்பிள்ளையைப் போல அறிந்தவர் வேறு ஒருவரும் இல்லை. அது நாற்பத்தெட்டாம் நாளிலும் உண்மை. விசில் மட்டும்தான் பிரச்சினை; பின்வள்ளத்தைக் கண்ணால் பார்த்த நாட்களில் அதுவும் பிரச்சினையாக இருக்கவில்லை.

அடுத்த பகுதியில் அவர் சொல்வார். சொன்ன இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு அணியம் யாருக்குப் போனது என்று எழுதமாட்டேன். நீங்கள் பின்வள்ளத்து ஆள். மணலில் நனைந்த கயிற்றோடு நிற்கிறீர்கள். வழக்கம் உங்களுக்குத் தெரியும், மனிதரையும் தெரியும். என்ன செய்வீர்கள் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

8

முகம் தெரிகிற வெளிச்சம் இருந்தது.

வள்ளங்களைக் கரையில் இழுத்து வைத்தார்கள். பிறகு அம்புறோஸ் சொன்னான்: “அத்தானில பிழை சொல்ல ஏலாது. பதினொரு வருஷம் இருந்த மனிசன். பொம்பிளையை ஏத்தினதுதான் பிழை. அந்த வள்ளத்துக்கு மீன் நிக்குமோ?”

“ஓம், அதுதான்” என்றார் ஒருவர். “இது சூசையின்ரை கையில சேராது.”

எல்லோருக்கும் மனம் இலகுவாகியது. அது அவளுக்கே தெரிந்தது. அவர்கள் அவளை வெறுக்கவில்லை. அவர்களுக்கு அவரை வைத்துக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது.

“மிஸ் குறை நினைக்கக்கூடாது” என்றான் அம்புறோஸ், மெல்ல. “இனி ஏறாட்டில் சரி. வாற வருஷத்துக்கும் உங்களை அனுப்பச் சொல்லி நாங்கள் எழுதித்தர ஏலாது. அவ்வளவுதான்.”

சூசைப்பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“என்னவாம்?” என்றார் மாக்கிறேற்றிடம்.

மாக்கிறேற் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசையவில்லை.

அவர் இராசேஸ்வரியிடம் வந்தார். “என்னவாம், பிள்ளை?”

அவள் தலையை நிமிர்த்தினாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேரே பார்த்தாள். கண்ணுக்கடியில் உப்புக் காய்ந்திருந்தது. அவர் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மீன் போனது என்னாலயாம்.”

அவர் தலையைச் சாய்த்தார். பிடிபடவில்லை.

அவள் ஒவ்வொரு சொல்லாக, உதட்டைத் திறந்து, அந்தக் கரையில் தான் ஒருபோதும் பேசாத அளவு உரத்துச் சொன்னாள்: “மீன்… போனது… என்னாலயாம்.”

சூசைப்பிள்ளை அவளுடைய வாயிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு அம்புறோஸின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளையில பிழை இல்லை. நீ விசில் அடிச்சிருப்பாய், அம்புறோஸ். அண்டைக்கும் அடிச்சிருப்பாய். எனக்குத் தெரியாது. மூண்டு வருஷமா எனக்குக் காது கேளாது.”