தவிட்டு ஃபிரிட்ஜில் ஐந்து முட்டை

மங்களாம்பிகைக்குப் பாம்பு என்றால் பயமில்லை. தேள், பூரான் என்றால் பயமில்லை. மாமியார் இருந்த காலத்தில் மாமியார் என்றாலும் பயமில்லை. ஆமை என்றால் மட்டும் பயம்.

ஆமை வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று ஊரே சொல்லும். மற்றவர்களுக்கு அது பேச்சு, அவளுக்கு நடந்த கதை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் வழிந்து தெருவில் தண்ணீர் ஓடியபோது, ஒரு கறுப்பு ஆமை கொல்லைப்பக்கமாக ஏறி வந்து அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அதே வாரம்தான் மகன் பிரபு வாயைத் திறந்தான். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண் மெர்லினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டானாம். வேறு சாதி, வேறு மதம். "அவ இந்த வீட்டு வாசப்படியை மிதிச்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று மங்களாம்பிகை தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். பிரபு பெட்டியைக் கட்டினான். புருஷனும் பெண்டாட்டியுமாக மஸ்கட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவன் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வந்தது, ஆள்தான் வரவில்லை. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன ஆமையால் வந்த வினை என்று அவள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டாள்.

அந்தப் பிரபுதான் இந்தச் சித்திரையில், "ஆடி பொறக்கிறதுக்குள்ள வந்துட்டுப் போறேம்மா, நான் மட்டும்" என்றான். மங்களாம்பிகைக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் வந்து சேருகிற வரைக்கும் வீட்டில் ஒரு அபசகுனம் நடக்கக் கூடாது, ஒருத்தர் தும்மக்கூடக் கூடாது என்று புருஷன் துரைராசுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள்.

சொல்லி ஒரு வாரம் ஆகவில்லை. வயலோரக் குட்டையைத் தூர்வார ஜேசிபி வந்திருந்தது. அதைப் பார்க்கப் போன துரைராசு, துண்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்னங்க அது துண்டுல?"

"ஒண்ணுமில்ல மங்களம்."

"ஒண்ணுமில்லாததையா பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வர்றீங்க?"

துரைராசுவுக்குப் பொய் சொல்ல வராது. "ஆமை முட்டை. ஜேசிபி பல்லு பட்டு கரை சரிஞ்சுது, உள்ளேருந்து வந்துச்சு. தாய் ஆமையைக் காணோம். அப்படியே விட்டா நாய் தின்னுடும்."

"நாய் திங்கட்டும், நரி திங்கட்டும்! எம் புள்ள வர்ற நேரத்துல ஆமையைத் துண்டுல முடிஞ்சுக்கிட்டு வர்றீங்களே, உங்களுக்கு மூளை கீளை இருக்கா?"

அவள் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுகிற மனுஷன். வாசலோடு திரும்பி, பக்கத்து வீட்டு அன்சாரிடம் போய்விட்டார்.

அன்சார் சவூதியில், தம்மாமில் பத்து வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன். பாபநாசம் கடைத்தெருவில் இப்போது ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தான். புதிதாக எதையாவது செய்து பார்க்கலாம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். துண்டைப் பிரித்துப் பார்த்த உடனே, தான் ஏசி மாட்டிக் கொடுத்த வனத்துறைக்காரர் பரணிதரனுக்குப் போன் போட்டான். அவர் சாயங்காலமே பைக்கில் வந்து பார்த்தார்.

"இனிமே புதைச்சா தேறுமான்னு தெரியல. சூடும் ஈரமும் ஒரே சீரா இருக்கணும். உங்களால முடியும்னா வச்சுப் பாருங்க, நான் ஆபீஸ்ல சொல்லிடுறேன். பொரிச்சா எனக்குப் போன் பண்ணுங்க, நான் வந்துதான் தண்ணியில விடணும்" என்றார்.

ஒரே சீராகச் சூடு என்றதும் அன்சாருக்குப் பொறி தட்டிவிட்டது. குளிர் வெளியே போகாமல் காக்கிற பெட்டி சூட்டையும் காக்கும்தானே? அவன் கடையில் கிடந்ததெல்லாம் இரண்டு கதவு வைத்த பெரிய ஃபிரிட்ஜ். சின்னதாக ஒன்று மங்களாம்பிகையின் மாட்டுக் கொட்டகையில் இருந்தது. ஃபிரிட்ஜ் ஓடாமல் நின்றுபோன பிறகு எலி புகாத பெட்டி என்று அவள் அதில் தவிடு கொட்டி வைத்திருந்தாள். அன்சார் மதில் சுவர் ஓரம் வந்து நின்றான்.

"அக்கா, அந்தத் தவிட்டு ஃபிரிட்ஜைக் குடுங்கக்கா."

எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் அன்சார் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. "எடுத்துட்டுப் போ தம்பி. ஆனா போனது போனதா இருக்கணும். மறுபடி எங்க வீட்டுக்கு வரக் கூடாது."

"வராதுக்கா" என்று அன்சாரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான்.

பார்க்க மாட்டேன் என்றுதான் இருந்தாள். ஆனால் மதில் சுவர் இடுப்பளவு உயரம், அவளுக்கோ கண் இரண்டும் நல்ல தெளிவு. அன்சார் கம்ப்ரசரைக் கழற்றினான். மேலே இருந்த ஃப்ரீசர் பெட்டியைப் பிடுங்கி எறிந்தான். அடியில் இரண்டு குண்டு பல்பை மாட்டி, வெளிச்சம் மேலே போகாமல் தகரத்தால் மூடினான். கம்ப்யூட்டருக்குள் சுற்றுகிற குட்டி ஃபேன் ஒன்று, ஒரு தட்டில் தண்ணீர், கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டிகளுக்காக விற்கிற தெர்மோஸ்டாட் ஒன்று. சூடு ஏறினால் பல்பு தானாக அணையும், இறங்கினால் எரியும். கதவு காற்றுப் புகாமல் இறுக மூடிக்கொள்கிறது என்று பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போட்டான்.

"இத்தனை வருஷமா இந்தப் பொட்டிக்குள்ளேருந்து சூட்டை விரட்டுறதுதான் எனக்கு வேலை. இப்பப் பாருங்க, நானே உள்ள வச்சுக் கும்பிடாத குறை" என்று சிரித்தான். அவன் பெண்டாட்டி ஜஸீலா, "வீட்டு மிக்ஸி ஓடி ஒரு மாசமாச்சு, அதைக் கேளுங்கக்கா" என்றாள்.

அன்சார் வீட்டுப் பக்கத்தறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஃபிரிட்ஜ் நின்றது. ஈரமான தேங்காய் நார்த்தூளில் ஐந்து முட்டையும் பாதி புதைந்து கிடந்தன. கோழி முட்டையைப் பிடித்து இழுத்து நீட்டியது மாதிரி இருந்தன. மங்களாம்பிகை கறிவேப்பிலை கேட்டுப் போனாள். மறுநாள், எப்போதோ குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணத்தை வாங்கப் போனாள். மூன்றாம் நாள் காரணம் எதுவும் கிடைக்காமல் சும்மாவே போனாள்.

"ஏன் தம்பி, முட்டையைப் புரட்டி விடலையா? கோழி தெனம் புரட்டும். இல்லாட்டி குஞ்சு ஒரு பக்கம் ஒட்டிக்கிடும்." எத்தனையோ கோழியை அடை வைத்தவள், இந்த விஷயத்தில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

"ஐயோ, தொட்டுடாதீங்கக்கா! இது ஒட்டித்தான் வளருமாம். புரட்டினா உள்ளயே செத்துடுமாம். பரணி சார் தலையில அடிச்சுச் சொல்லியிருக்காரு. நான் பென்சில்ல மேல்பக்கம் குறி போட்டேன், ஈரத்துல அழிஞ்சு போகுது."

"பென்சில்ல போட்டா? அடை முட்டைக்குக் கரியாலதான் போடணும்" என்று சொன்னவள், வீட்டுக்குப் போய்த் துண்டுக் கரி எடுத்து வந்து, முட்டை அசையாமல் அஞ்சுக்கும் தானே கோடு போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள்.

ஆனி பிறந்தது. பிரபு டிக்கெட் போட்டுவிட்டான், மாசக் கடைசியில் திருச்சியில் வந்து இறங்குகிறான். அதைக் கேட்டதிலிருந்து மங்களாம்பிகை பக்கத்து வீட்டுப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. புள்ளை வந்து சேரட்டும், அப்புறம் ஆமையாவது ஒட்டகமாவது என்று இருந்தாள்.

அவன் வருவதற்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு பிற்பகலில் சூறைக்காற்று அடித்தது. அடேயப்பா, அதென்ன காற்று! அரை மணி நேரத்தில் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து கரண்ட் போனது. அன்சார் வீட்டுத் தென்னை முறிந்து அந்தப் பக்கத்தறைக் கூரை மேலேயே விழுந்தது. மழை நேராக உள்ளே கொட்டியது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை, ஃபிரிட்ஜும் தப்பித்தது. ஆனால் பல்பு அணைந்துவிட்டது, நனைந்த சுவர் ஜில்லிட்டுப் போனது. மிச்சமிருந்த அறையெல்லாம் ஒழுகியது. கடைக்குக் கொண்டு போகலாம் என்றால் ரோட்டில் மரம் விழுந்து வண்டி போகவில்லை. அந்தத் தெருவில் இன்வெர்ட்டர் இருந்தது ஒரே வீட்டில்தான். பிரபு பணம் அனுப்பி வாங்கி வைத்தது.

அன்சார் கேட்கவில்லை. ஜஸீலாவும் கேட்கவில்லை. ஃபிரிட்ஜைப் பழைய போர்வையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார்கள். துரைராசு மதில் ஓரத்தில் குடையோடு நின்று மனைவியைப் பார்த்தார். இந்த மூன்று பேரும் வாயைத் திறந்து கேட்டிருந்தால் அவளுக்கு முடியாது என்று சொல்லிவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

நாலு வருஷம் காத்திருந்து வருகிற பிள்ளை. இந்த நேரம் பார்த்தா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆத்திரமும் வந்தது. ஆனால் அந்தப் போர்வைக்குள்ளே அவள் கையால் கோடு போட்ட முட்டை அஞ்சும் குளிர்ந்துகொண்டிருந்தன. அதையும் அவளால் மறக்க முடியவில்லை.

"முட்டை முட்டைதானே? இன்னும் ஆமை இல்லையே?" என்று கத்தினாள்.

"இன்னும் இல்லக்கா!"

"அப்பத் தூக்கிட்டு வா. பொரிக்கிறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடணும், சொல்லிட்டேன்!"

கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் நின்றது. பேட்டரி தீர்ந்துவிடுமே என்று மங்களாம்பிகை ஃபேனை அணைத்தாள், டிவியை அணைத்தாள், ஒரு லைட்டை விட்டு மற்றதெல்லாம் அணைத்தாள். துரைராசு விசிறிமட்டையால் விசிறிக்கொண்டே படுத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்துவிட்டது. கூரைக்கு ஷீட்தான் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று கடைக்காரன் இழுத்தான்.

மூன்றாம் நாள் காலையில் துரைராசு வயலுக்கும் அன்சார் கடைக்கும் போயிருந்தார்கள். தட்டில் தண்ணீர் ஊற்றக் கதவைத் திறந்தாள். ஒரு முட்டையில் கரிக்கோட்டுக்குப் பக்கத்தில் விரிசல். விரிசலுக்குள் ஊசிமுனை மாதிரி ஒரு மூக்கு.

ஓடிப்போய் ஜஸீலாவைக் கூப்பிட்டிருக்கலாம். ஃபிரிட்ஜுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அது கொஞ்சம் முட்டும், அசந்துபோய்க் கிடக்கும், மறுபடி முட்டும். கோழிக்குஞ்சானால் கத்தியாவது தாயைக் கூப்பிடும். இது சத்தமே இல்லாமல் தன்னந்தனியாக மல்லுக்கட்டியது. "தள்ளுடி, இன்னுங் கொஞ்சம், அவ்வளவுதான்" என்று அவள் வாய் தன்னாலே சொன்னது. பொட்டையா கடுவனா என்று யாருக்குத் தெரியும்? அவள் வாயில் அப்படித்தான் வந்தது.

முழுசாக வெளியே வந்து, ஓட்டுத்துண்டை முதுகில் சுமந்துகொண்டு, அவளைப் பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள். இதைப் பார்த்தா பயந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த மழை வருஷத்து ஆமையும் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு ராத்திரி ஒண்டிக்கிடந்துவிட்டுக் காலையில் அதுபாட்டுக்குப் போய்விட்டது. யாரையும் வையவில்லை, யாரையும் வராதே என்று சொல்லவில்லை. சொன்னதெல்லாம் தன் வாய்தான் என்பது அவளுக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலத்துக்குள் நாலு பொரித்தன, ஒன்று பொரிக்கவில்லை. ஜஸீலா வந்து வாயில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, கடைசியில உங்க வீட்டுக்குள்ள ஆமை புகுந்துருச்சே!"

"எங்க புகுந்துச்சு? இங்கயே பொறந்துச்சு. பொறந்த வீட்டுல இருக்குறதுக்குப் பேரு புகுறதா? போடி வேலையப் பாத்துக்கிட்டு."

மறுநாள் பரணிதரன் வந்தார். தூர்வாரிய குட்டையில் புதுத்தண்ணீர் நின்றது. நாலையும் கரை ஓரத்தில் விட்டதும், நாலும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டன. "நன்றி கெட்ட கழுதைங்க" என்றாள். துரைராசு சிரித்தார்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவுவதற்குள் பிரபுவின் போன். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

"அம்மா, நாளன்னிக்கு ஃப்ளைட். உனக்கு எதாச்சும் வாங்கணுமா?"

"பிரபு, நம்ம வீட்டுக்குள்ள ஆமை வந்துருச்சுடா. நாலு."

அவனுக்குத் தெரியும், அம்மாவுக்கு ஆமை என்றால் என்ன என்று. "அப்ப... நான் இப்ப வர வேணாங்குறியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அந்தக் குரல் அவளை அறுத்தது. "அட கிறுக்கா! உன்னை யாரு வேணாம்னா? மெர்லின் எங்க? போனை அவகிட்ட குடு."

"அம்மா, நீ அவளைத் திட்டுறதா இருந்தா..."

"குடுடான்னா!"

போன் கை மாறியது. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பேசியதில்லை, எப்படிக் கூப்பிடுவது என்றே மங்களாம்பிகைக்குத் தெரியவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

"சாப்பிட்டேன் அத்தை" என்றது ஒரு சின்னக் குரல், அழுகிற குரல்.

"நீயும் வாம்மா அவனோட. ஆமையே எங்க வீட்டுல நாலு நாள் தங்கிட்டுப் போயிருக்கு. நீ வந்தா என்ன கொறைஞ்சு போகப்போவுது? எங் கோவத்தையெல்லாம் மனசுல வச்சுக்காத." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வர்றியா?"

"இப்பக் கேட்டா லீவு குடுப்பாங்களான்னு தெரியல அத்தை. கேட்டுப் பாக்குறேன்."

"கேளு. குடுக்க மாட்டேன்னு எவனாச்சும் சொன்னா போனை அவன்கிட்ட குடு. நான் பேசுறேன்."