அந்தக் குரலுக்குப் பழகிய கால்கள்

வாருங்கள், ஜார்ஜ் டவுன் உள்ளரங்கத்தின் இரண்டாம் ஆடுகளத்தருகே வந்து நின்று பாருங்கள். வெற்றிச் செய்தியை மட்டும் வாசித்துக் கைதட்டிப் பழகிய நாம், ஒரு தோல்வி எப்படித் தயாரிக்கப்படுகிறது என்பதையும் ஒருமுறை கண்ணால் காணவேண்டும். வலையின் ஒருபுறம் பதினெட்டு வயதுக் காமினி. அவளுக்குப் பின்னே நாற்காலியில் பயிற்றுநர் குணாளன். மறுபுறம் இருபத்தாறு வயதுப் பிரமிளா. அவளுக்குப் பின்னே நாற்காலி இருக்கிறது, ஆள் இல்லை.

ஒரே விளையாட்டுக் கழகத்தில் வளர்ந்த இருவர் மோதினால், பயிற்றுநர் எழுந்து மேல்மாடத்துக்குப் போய்விடுவார். எவரும் எழுதிவைக்காத முறை அது. ஒரு பிள்ளையின் வெற்றிக்காக இன்னொரு பிள்ளையின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கலாகாது என்னும் நாகரிகம். பிரமிளாவைப் பன்னிரண்டு வயதிலிருந்து பூப்பந்து (இறகுப்பந்து) வீராங்கனையாக வார்த்தவர் குணாளன்தான். முழங்கால் அறுவைக்குப் பின் கழகம் அவளை நீக்கியது. அன்று முதல் கெலுகோர் அடுக்குமாடியிலிருந்து தனியே புறப்படுகிறாள், தனியே ஆடுகிறாள், வென்றாலும் தோற்றாலும் அதைச் சொல்ல ஆளின்றிப் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து திரும்புகிறாள். இன்று வென்றால் தேசிய முகாமின் தேர்வுக்கு அழைப்பு வரும். அடுத்த ஆண்டு அவளது வயது அந்தக் கதவைச் சாத்திவிடும்.

ஆட்டத்துக்கு முன் காமினி கேட்டாள்: “அக்கா, கோச் யாரையும் கூட்டிட்டு வரலையா?”

“ஆடுற ஆளும் நான்தான், கோச்சும் நான்தான். ரெண்டு பேருக்கும் சண்டை வராம இருந்தா சரி லா.”

காமினி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக நாணினாள். பிரமிளா குணாளனிடம் நடந்தாள்.

“கோச், நீங்க மேல போகலையா?”

அவர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். “நீ இப்ப தனி ஆளும்மா. கழகத்துல உக்காரச் சொல்லிட்டாங்க. நான் என்ன செய்றது?”

முதல் ஆட்டம் காமினிக்கு, இரண்டாவது பிரமிளாவுக்கு. மூன்றாவதில் முழங்கால் கனத்தது. பிரமிளாவின் பின்கை (பேக்ஹேண்ட்) மூலை எப்போது தளரும் என்பதை அறிந்த ஒரே மனிதர், இடைவேளையில் காமினியின் காதருகே குனிந்து அந்த மூலையை விரலால் சுட்டினார். ஆயினும் பிரமிளா விடவில்லை. இருபதுக்குப் பத்தொன்பது. காமினிக்கு ஒரே புள்ளி தேவை. பந்து அவள் கையில்.

“போட்டதும் முன்னுக்கு வா,” என்றார் குணாளன்.

சொன்னது காமினிக்கு. கேட்டவை பிரமிளாவின் கால்கள். பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் குரலுக்கு மட்டுமே அசைந்த கால்கள், அறிவைக் கேளாமல் ஓரடி முன்னே வைத்தன. காமினியின் பந்து உயர எழுந்து, பிரமிளாவின் தலையைக் கடந்து, பின்கோட்டின் உள்ளே அமைதியாக விழுந்தது.

பிரமிளா காமினியின் கையைப் பற்றினாள்; நடுவரின் கையைப் பற்றினாள்; முறைப்படி குணாளனிடமும் கை நீட்டினாள்.

“ஏம்மா முன்னுக்கு வந்த? அது பின்னால போற பந்துதானே.”

“நீங்கதானே வரச் சொன்னீங்க, கோச்.”

அவர் பிடி தளர்ந்தது. அவள்தான் தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கெலுகோர் பொதுக்கூடத்தில் பிரமிளா ஆடுகளமொன்றில் நிற்கிறாள். பந்துகளை ஒவ்வொன்றாக உயர அனுப்புகிறாள். ஒன்றும் திரும்பி வரவில்லை. எல்லாம் தீர்ந்ததும் வலைக்கடியில் குனிந்து மறுபுறம் சென்று, பொறுக்கி, சற்று முன் தான் நின்ற வெற்றிடத்தை நோக்கி அடிக்கிறாள்.

ஒற்றையர் ஆட்டத்துக்கும் இருவர் வேண்டும். நாட்டின் பெயரைச் சொல்லி மார்தட்டும் பெரியோரே, கழகங்களின் மேடைகளில் மாலை வாங்கும் தலைவர்களே, இதை வாசித்துப் பெருமூச்சுவிடும் நண்பர்களே, உங்கள் இரக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். போய் அவளுக்கு எதிரே நில்லுங்கள்.