எதிர்க் கட்டிலிலிருந்து ஒரு ஜன்னல்

“படத்தைப் பார்க்காதே. பேப்பரை மட்டும் பாரு. கையெழுத்துப் போடு, முடிஞ்சது” என்று போனில் சொல்லியிருந்தாள் புயல்.

இப்படிச் சொன்னால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? ஆமை பார்த்தாள். ஆபரேஷன் செய்த வலது தோள் சுரீரென்றது.

இரண்டும் ஓவியக் கல்லூரியில் ஒட்டிக்கொண்ட பெயர்கள். ஒரு படத்தை முடிக்க மழையும் வெயிலும் மாறி வரவேண்டும் என்பதால் இவள் ஆமை. முடிப்பதற்குள் அதை விற்றுவிட்டு வந்து நிற்பதால் அவள் புயல். இன்று ஆமையின் ஜன்னல் ஓவியங்களுக்குப் பணக்காரர்கள் காத்துக் கிடக்கிறார்கள். விற்கும் கேலரி புயலுடையது. தலை நரைத்த பிறகும் இருவருக்கும் வாடி, போடிதான்.

எதிரே பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவரைக் கூட்டி வந்த புயல். படத்தைப் போர்வையில் சுற்றி அவரே தூக்கி வந்திருந்தார். “நீங்க வரைஞ்சதுன்னு ஒரு சான்றிதழ் வேணும் மேடம். இன்ஷூரன்ஸ்ல கேக்குறாங்க.”

ஜன்னல் இருவரும் சேர்ந்து தங்கிய அதே ஹாஸ்டல் அறை ஜன்னல்தான். ஆனால் ஆமை எப்போதும் தன் கட்டிலிலிருந்து பார்த்தபடிதான் வரைவாள். ஓரத்தில் புயலின் அலமாரி தெரியும். இந்தப் படத்தில் அலமாரி இல்லை. இருந்தது ஆமையின் மேஜை. அதில் ஊன்றிய ஒரு முழங்கை.

அந்த அறையில் எதிர்க் கட்டில் ஒருத்திக்குத்தான் சொந்தம்.

“டீ போட்டுட்டு வரோம் டாக்டர்” என்று புயலின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள் ஆமை.

“யாருடி வரைஞ்சது?”

“நீதான்.”

“நான் பல்லு விளக்குறதே இடது கையில.”

புயல் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். மூடினாள். “சரி, நான்தான். கேலரி மாடியில ஒளிஞ்சு உட்கார்ந்து.”

“எதுக்கு?”

“உன் ஆபரேஷனுக்கு. பழைய படம் ஒண்ணு வித்துச்சுன்னு சொன்னேனே. பழைய படமே கிடையாதுடி, எல்லாம் எப்பவோ போயாச்சு. காசு இல்லன்னு தெரிஞ்சிருந்தா தோள் தானா கூடிடும்னு படுத்திருப்ப.”

“இது ஒண்ணுதானா?”

“ஒண்ணே ஒண்ணு.”

ஆமை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னொண்ணு பாதியில இருக்கு.”

“அதை வெளியில எடுத்த, கையை ஒடிச்சுடுவேன்.” பால் பொங்கியது. ஆமை அடுப்பை அணைத்தாள். “நான் கையெழுத்துப் போடலன்னா?”

“போலீஸ். கேலரிக்குப் பூட்டு. என்னைப் பார்க்க நீ வரிசையில நிக்கணும்.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “ஆனா போடாதேடி. நாளைக்குத் தெரிஞ்சா உன் பேரும் சேர்ந்து போயிடும்.”

“வாயை மூடிட்டு டீயைத் தூக்கிட்டு வா.”

ஆமை முடிவெடுத்துவிட்டாள். கூடத்துக்கு வந்தாள், பேனாவை வாங்கினாள், காகிதத்தில் வைத்தாள்.

“ஒண்ணு சொல்லணும் மேடம்” என்றார் டாக்டர். “உங்க மத்த ஜன்னலெல்லாம் பார்த்திருக்கேன். அழகு, ஆனா ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும். இதுல அந்த முழங்கை இருக்கே, யாரோ யாரையோ ரொம்ப ஆசையாப் பார்த்துட்டே இருந்திருக்காங்க. தினமும் கிளினிக் விட்டு வந்ததும் இது முன்னாடி உட்கார்ந்துடுவேன்.”

பேனா நின்றது.

பொய்க்குக் கையெழுத்துப் போட ஆமை தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் இதில் போட்டால் அது பொய் மட்டுமில்லை. புயல் இத்தனை வருடங்களில் வரைந்த ஒரே நல்ல படத்தைத் திருடியதாகிவிடும்.

“இது நான் வரைஞ்சது இல்ல டாக்டர். என்னால முடியவும் முடியாது. இவ வரைஞ்சது.”

புயல் டீத்தட்டை மேஜையில் வைத்தாள். டாக்டர் எழுந்துவிட்டார். “அப்போ எனக்குப் போலியை வித்திருக்கீங்க.”

“ஆமா” என்றாள் புயல். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “காரை வித்தாவது முழுப் பணத்தையும் தந்துடறேன். இவளுக்கு எதுவும் தெரியாது. புகார் கொடுக்கிறதா இருந்தா என் மேல மட்டும் கொடுங்க.”

“காரோட என் வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்துக்கோ” என்றாள் ஆமை.

டாக்டர் போனை எடுத்தார். இருவரையும் மாறி மாறி முறைத்தார். போர்வையைப் படத்தின் மேல் போர்த்தப் போனவர், அந்த முழங்கை வரை வந்து நின்றுவிட்டார். போன் சட்டைப்பைக்குத் திரும்பியது.

“பணம் இந்த மாசத்துக்குள்ள வந்தாகணும்.” தொண்டையைச் செருமினார். “அது தனி. இவங்க வரைஞ்ச படமாவே இதை வாங்கணும்னா என்ன விலை?”

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த புயல் சட்டென்று நிமிர்ந்தாள். வாய் திறப்பதற்குள் ஆமை கையால் பொத்தினாள்.

“இவகிட்ட கேக்காதீங்க, கூசாம பெரிய விலையாச் சொல்லுவா. முதல் படம், பேரில்லாத ஆளு. கான்வாஸ், பெயின்ட், சட்டம், அந்தக் காசு கொடுத்தாப் போதும்.”

டாக்டர் தலையாட்டிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

விரல்களுக்கு நடுவிலிருந்து முனகல் கேட்டது. “அடிப்பாவி, சட்டம் தேக்குடி.”