கைக்கு வராத கோணல்

வீட்டில் சுண்டெலி என்று செல்லமாகக் கூப்பிடும் சின்னப் பெண்ணின் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுக்கும் தின்பண்டம் வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும். கடைச் சரக்கு உள்ளே வரக் கூடாது. எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ தெரியவில்லை, வேலைக்குப் போகும் தாய்மார்கள் வாயில் விழாத நாளில்லை. சுண்டெலியின் அம்மாவுக்கு மட்டும் அதைக் கேட்டதும் சிரிப்புத்தான் வந்தது. அவள் பேக்கரி நடத்துகிறவள். கீழே கடை, மாடியில் வீடு. கேக் செய்வது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்தச் சிரிப்பு போன வருடமே அடங்கிவிட்டது. அவள் தன் கையால் செய்து கொடுத்தனுப்பிய குட்டிக் கேக்குகளை டீச்சர் ஒரே பார்வை பார்த்தார். "இது கடையில வாங்கினது" என்று பெட்டியை மூடித் திருப்பி அனுப்பிவிட்டார். "எங்க அம்மாதான் செஞ்சாங்க" என்று சுண்டெலி சொன்னதை வகுப்பே பொய் என்றது. கேக் குறையாத பெட்டியோடு வந்து குழந்தை படியில் உட்கார்ந்து அழுதாள். அன்று அம்மாவுக்கு வயிறு எரிந்த மாதிரி என்றைக்கும் எரிந்ததில்லை.

இந்த வருடம் வேறு டீச்சர். பிறந்தநாளுக்கு முதல்நாள் மாலை, கடையை வேலைக்கிருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு அம்மா மாடிச் சமையலறைக்கு ஏறினாள். வீட்டு அடுப்பு, வீட்டுப் பாத்திரம். இனி எவர் என்ன சொல்லிவிட முடியும் என்ற தெம்பு அவளுக்கு.

சுண்டெலி வந்து பார்த்தாள். எல்லாக் கேக்கும் ஒரே உயரம். மேலே க்ரீம் பூக்கள் அச்சில் வார்த்தது போல் இருந்தன. பிள்ளையின் முகம் தொங்கிப்போனது.

"அம்மா, இதுவும் கடையில வாங்கின மாதிரியே இருக்கு."

"இங்கதானடி செஞ்சேன். நீயே பார்த்தியே."

"நான் பார்த்தேன். டீச்சர் பார்க்கலையே. கொஞ்சம் அசிங்கமா செய்மா."

அசிங்கத்துக்கு அவள் எங்கே போவாள்? இடது கையால் க்ரீம் பிழிந்தாள். பூ லேசாகச் சாய்ந்து, முன்னைவிட அழகாகப் போய்விட்டது. மாவை அளக்காமல் அள்ளிப் போட்டாள்; பாழாய்ப்போன கை அளவாகவே அள்ளியது. ஒரு கேக்கைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அந்தப் பள்ளத்தைப் பார்க்கச் சகிக்காமல், அவள் யோசிப்பதற்குள் விரலே க்ரீம் வைத்து நிரவிவிட்டது.

அப்பா வேலை முடிந்து வந்தார். குழாய் ரிப்பேர் பார்ப்பவர்.

"நாளைக்குப் பிறந்தநாளை வச்சுக்கிட்டு ஏன் ரெண்டு பேரும் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவ்வளவுதானா? அசிங்கமா செய்யணும்னா என்னைக் கூப்பிட வேண்டியதுதானே."

அம்மா வாயைத் திறக்கக் கூடாது என்று சுண்டெலி நிபந்தனை போட்டாள். அம்மா ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா முட்டையை ஓட்டோடு உடைத்து ஊற்றினார். சீக்கிரம் வேகட்டும் என்று சூட்டைக் கூட்டி வைத்தார். க்ரீமைக் கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றி அழுத்திப் பூசி, "இனி ஒரு சொட்டு கசியாது பாரு" என்றார். அம்மாவுக்குக் கை அரித்தது. ஒரு தடவை கரண்டி வரைக்கும் போன கையை மகள் தட்டிவிட்டாள்.

மறுநாள் பெட்டியோடு அம்மாவும் வகுப்புக்குப் போனாள். டீச்சர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்று கருகியிருந்தது, ஒன்று சாய்ந்திருந்தது, ஒன்றுக்கு நடுப்பகுதியே இல்லை.

டீச்சரின் முகம் மலர்ந்தது. "பார்த்தாலே தெரியுது, வீட்ல செஞ்சது. எல்லாரும் வாங்க, எடுத்துக்குங்க."

பிள்ளைகள் மொய்த்தார்கள். ஒருத்தி கடித்துவிட்டு வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தாள். இருந்தாலும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அம்மா செஞ்சாங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல டீச்சர், அப்பா" என்றாள் சுண்டெலி, பெருமை தாங்காமல். "எங்க அம்மாவுக்கு இந்த மாதிரி செய்ய வராது. எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்தாங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. டீச்சர் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதுக்கென்னங்க, பழகப் பழகக் கை வந்துடும். வேலைக்குப் போறீங்களா?"

பேக்கரி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் எடுத்த கேக்கெல்லாம் பெட்டிக்குத் திரும்பினாலும் திரும்பும். மூக்கில் க்ரீமோடு, நாலு பேர் நடுவில் சிரித்துக்கொண்டு நின்றாள் சுண்டெலி.

"ஒரு கடையில, டீச்சர்" என்றாள் அம்மா.

"அதான் நேரமில்ல. முதல்ல சின்னதா ஒண்ணு செஞ்சு பாருங்க. பயப்படாதீங்க."

ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குக் கேக் செய்து கொடுத்தவள், "சரிங்க டீச்சர், கத்துக்கறேன்" என்று தலையாட்டினாள்.