மைனஸ் நாலு

1

இந்தக் கதை அக்காவின் போன் அழைப்பிலிருந்து வந்தது. அவளிடம் கேட்காமல் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த..." பெய்யவில்லை. பகல் பதினொரு மணி, நல்ல வெயில். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "பிழை என்பது மனிதனின்..." சீச்சீ.

நேராகச் சொல்கிறேன். மென்பொருள் கம்பெனியின் இரவுப் பணியை விட்டு ஓடிவந்தவன் நான். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு கணினித் தேடல் நிரலுக்குச் சம்பளமில்லாமல் உழைக்கிறேன். இரண்டு சொற்கள் ஐந்து சொல் தூரத்துக்குள் வருகின்றனவா என்று பார்த்துச் சொல்வது அதில் என் பகுதி. அக்கா பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் பழைய நோயாளிக் குறிப்புகளைத் தேடுவது இதை வைத்துத்தான்.

2

"டேய், உன் தேடுற எந்திரத்துக்குக் கண்ணு தெரியாதா?"

"என்னக்கா ஆச்சு?"

"ஒருத்தருக்குப் பென்சிலின் ஊசி போடணும், முன்னாடி ஒத்துக்காம போயிருக்கான்னு வார்டுல கேட்டாங்க. தேடினேன். ஒண்ணுமில்லன்னுச்சு. நானும் ஒண்ணுமில்லன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"சரி..."

"என்ன சரி? ஊசி போட்டதும் நாக்கு வீங்கி, தொண்டையில குழாய் போட்டு வச்சிருக்காங்க. இப்ப உக்காந்து ஒவ்வொரு பக்கமா பாக்கறேன். பதினேழாம் பக்கத்துல முழிச்சுப் பாக்குதுடா!"

"என்ன இருக்கு, அப்படியே படி."

"'பென்சிலின் ஊசி இவருக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளாது.'"

[முதல் பிரதியில் அந்த நோயாளியை எழுபது வயதுக்காரர் ஆக்கினேன். பிறகு, உங்கள் மனம் இளகட்டும் என்று, கைக்குழந்தையின் அப்பாவாக மாற்றினேன். உண்மையில் அவர் யாரென்று நான் கேட்கவே இல்லை. பிழையைத்தான் கேட்டேன்.]

3

அந்த வாக்கியத்தைக் கொடுத்து, 'ஒத்துக்கொள்ளாது', 'பென்சிலின்' என்று தேடினேன். இல்லை என்றது. சொற்களை வரிசை மாற்றிக் கேட்டேன். இருக்கிறது என்றது.



இரண்டாவதாகக் கேட்ட சொல்லின் இடத்திலிருந்து முதல் சொல்லின் இடத்தை நிரல் கழிக்கிறது. ஒன்றில் ஐந்து போனால் மைனஸ் நாலு. அதைப் போட்டுவைத்த பெட்டிக்கு மைனஸ் தெரியாது. பூஜ்யத்துக்குக் கீழே போனதும், பின்னோக்கிச் சுற்றிய மீட்டர் போல, அது தன் உச்ச எண் பக்கம் தாவி நானூற்று இருபத்தொன்பது கோடி ஆகிவிட்டது. நாலு சொல் தள்ளி இருந்த எச்சரிக்கை, அவ்வளவு கோடி சொல் தள்ளிப் போயிருந்தது.

எந்த வரியை யார் எழுதினார்கள் என்று நிரலில் பதிந்திருக்கும். பார்த்தேன். என் பெயர்.

அன்று நான் சோதித்துப் பார்த்தது ஒரே ஒரு வாக்கியம்: "வந்தார் நேற்று மாமா." மாமாவே கேட்டால் சிரிப்பார். தமிழில் எவன் இப்படிப் பேசுகிறான்? தேடும் வரிசையிலேயே வாக்கியத்தையும் எழுதி, தேறிவிட்டது என்று எழுந்து போயிருக்கிறேன்.

4

திருத்தம் ஒரே வரி. போட்டாயிற்று. அக்கா மறுபடி அழைத்தாள்.

"மூணு மணிக்கு விசாரணைடா. என் கவனக்குறைவுன்னு எழுதி வேலைய விட்டு அனுப்பிடுவாங்க போல. நான்தான் தப்பா தட்டிட்டேனா?"

முடிவு அ: "இல்லக்கா. தப்பு என்னோடது."

முடிவு ஆ: "அவசரத்துல தட்டியிருப்பேக்கா."

(இரண்டாவதை எழுத எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதிர்ச்சி அதுதான்.)

நான் உண்மையில் சொன்னது: "பாத்துட்டுச் சொல்றேன்." வைத்துவிட்டேன்.

மணி இரண்டு ஐம்பது. திரும்ப அழைக்காமல் உங்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு பத்தி எழுதினால் மூன்றாகிவிடும், முடிவு தானாக ஆ ஆகிவிடும். அதனால் போனை எடுக்கிறேன், இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை, நீங்களே