மேனுகா தோற்க வேண்டும்

கோயிலை விட்டு வெளியே வரும்போதே சரோவின் முகத்தில் கள்ளம் தெரிந்தது. முப்பது வருடமாகப் பார்க்கிற முகம். பிள்ளையாரை ஏமாற்றினாலும் என்னை ஏமாற்ற அவளால் முடியாது.

“என்னப்பா கும்பிட்டனீர்?” என்று கேட்டேன்.

“மேனுகாவின்ர பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை. தங்கச்சி சொன்ன மாதிரித்தான்.”

“அது ஐயர் செய்தது. நீர் என்ன கேட்டனீர்?”

வாகன நெரிசலுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு காலி வீதியைக் கடந்தாள். கடந்ததும் சொன்னாள்: “பிள்ளை இண்டைக்குத் தோக்கவேணும் எண்டு கேட்டனான்.”

மேனுகா, என் மனைவி சரோஜினிதேவியின் தங்கை மகள். தாயும் தகப்பனும் சுவிஸில் விசாவுக்காக அலைந்த காலத்தில், கைக்குழந்தையாக எங்கள் வெள்ளவத்தை பிளாட்டுக்கு வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஏழு வருடம் அவள் இருந்ததில் அது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. பிறகு பேப்பர் சரிவந்தது, கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பத்தொன்பது வயது. ஒருமுறைகூட வரவில்லை. ஒரு வருடம் பள்ளிக்கூடச் சோதினை, ஒரு வருடம் கொரோனா, மற்ற எல்லா வருடமும் இந்தக் கேர்லிங்.

கேர்லிங் என்பது கொழும்பில் யாருக்கும் தேவைப்படாத ஒரு விளையாட்டு. பனித்தரையில் ஒருத்தி இருபது கிலோ கருங்கல்லை வழுக்கிவிடுவாள். இரண்டு பேர் அதற்கு முன்னால் வீடு கூட்டுகிற தும்புத்தடி மாதிரி ஒரு பிரஷால் தரையைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சத் தூரம் போகும். வட்டத்தின் நடுவுக்குக் கிட்ட யாருடைய கல் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. உலக இளையோர் போட்டியில், சுவிஸ் பெண்கள் அணியில், அப்படித் தேய்க்கிறவள்தான் எங்கள் மேனுகா. “கூட்டுறதுக்கு அவ்வளவு தூரம் போகவேணுமே?” என்று நான் பகிடி விட்டபோது சரோ சிரிக்கவில்லை.

இந்த முறை போட்டி முடிந்ததும் எங்களிடம் வரவென்று மேனுகா வேலையில் லீவு எடுத்திருந்தாள். ஆனால் அதில் ஒரு கொக்கி இருந்தது. இன்றைய ஆட்டத்தில் வென்றால் அரையிறுதி, அதற்குப் பிறகு இறுதி என்று லீவு அங்கேயே கரைந்துவிடும். தோற்றால் நாளைக்கே கொழும்புக்கு விமானம் ஏறுவாள். தங்கை வெல்லக் கும்பிடச் சொன்னாள், அக்கா தோற்கக் கும்பிட்டுவிட்டு வந்தாள். நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளையாரை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிவியில் யூடியூப்பைப் போட்டேன். சரோ கதிரையின் நுனியில் இருந்தாள். எதிரணி நோர்வே. ஆட்டம் மாறி மாறிப் போய், கடைசியில் புள்ளிகள் சமனாக நின்றன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கல், அதுவும் சுவிஸுடையது. வட்டத்துக்குள் நின்ற நோர்வேயின் கல்லை அது தள்ளிவிட்டால் வெற்றி.

கல் வந்தது. மேனுகா குனிந்து தேய்த்துக்கொண்டு ஓடினாள். நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. வட்டத்துக்கு இன்னும் தூரம் இருக்கையில் அவள் திடீரென்று நிமிர்ந்து கையை உயர்த்தி ஏதோ சொன்னாள். கூட ஓடியவள் கல்லை மறித்து நிறுத்தினாள்.

“என்னப்பா? ஏன் நிப்பாட்டினவை?” என்று சரோ பதறினாள்.

வர்ணனைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு நான் விளக்கினேன். பிரஷ் கல்லில் பட்டுவிட்டதாம். பட்டால், பட்டவளே சொல்லிவிட வேண்டுமாம். அந்தக் கல் கணக்கில் வராதாம், வட்டத்துக்குள் நிற்கிற நோர்வேக்கே புள்ளியும் வெற்றியுமாம். நடுவர் கண்டுபிடிக்கட்டும் என்று இருப்பது இந்த விளையாட்டில் வழக்கம் இல்லையாம். திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள், பட்டது கமராவுக்கும் தெரியவில்லை.

மேனுகா நோர்வேப் பிள்ளைகளுக்குக் கை கொடுத்தாள். பிறகு ஓரமாகப் போய்க் குந்தியிருந்து அழுதாள்.

சரோ சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் எழும்பி டிவிக்குக் கிட்டப் போய் நின்றாள். அழுகிற பிள்ளையைத் தூக்க ஒரு வழியும் இல்லாமல் அப்படியே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் வட்சப்பில் அழைப்பு வந்தது.

“பெரியம்மா, தோத்துட்டம்,” என்றாள் மேனுகா. “நாளைக்கு வாறன். எயார்போட்டுக்கு வாங்கோ.”

இத்தனை வருடமாகச் சரோ கேட்கத் தவம் கிடந்த வார்த்தை. அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

“மேனு, நான் ஒண்டு சொல்லவேணும். அம்மா உன்னை வெல்லக் கும்பிடச் சொன்னவ. நான் நீ தோக்கவேணும் எண்டு கும்பிட்டனான். நீ வருவாய் எண்டு.”

வேண்டாம் வேண்டாம் என்று நான் கையைக் காட்டியும் பயனில்லை. போச்சு, இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேனே தவிர, நானும் அந்தப் பிள்ளையைக் காணத்தான் ஏங்கிக் கிடந்தேன்.

“கல்லில பட்டது என்ர பிரஷ், பெரியம்மா,” என்றாள் மேனுகா. “அந்தப் பிழையை உங்களுக்குத் தரமாட்டன்.”

“என்னில கோவமே, பிள்ளை?”

“ஓம், சரியான கோவம்.” மூக்கை உறிஞ்சினாள். “நேர வந்து சண்டை பிடிக்கிறன்.”

சரோ போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வா பிள்ளை,” என்றாள். “கனநாள் நிண்டு சண்டை பிடி.”